டிசம்பர் வேண்டாம், புரட்டாசியில் போங்கள்: டர்பனிலிருந்து வடதுருவ ஒளி பார்க்கக் கிளம்பும் ஒரு குடும்பத்துக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறீர்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், 67 வயது அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு நார்வேயின் டிரோம்சோவுக்குப் போய் மூன்று இரவு தங்கி, இரவு வானில் பச்சையாக ஆடும் வடதுருவ ஒளியை, அதாவது அரோராவைப் பார்க்க வேண்டும், படமும் எடுக்க வேண்டும். கையில் ஒரு கேனான் கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. நிச்சயமாகத் தெரியுமா, அம்மா குளிரைத் தாங்குவாரா, கேமராவில் என்ன வைப்பது, 2024 மே மாதம் கேப் பக்கமே தெரிந்ததே, அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள்.

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஒளியைத் தேடி மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை போட்டது உங்கள் திட்டமேதான்: டிசம்பர், டிரோம்சோ, மூன்று இரவு. மூன்று இரவும் வானம் மூடிக் கிடந்தது. அந்த வருத்தம் உங்கள் அம்மாவுக்கு வரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 2024 மே 10, 11 தேதிகளில் வந்தது 2003-க்குப் பிறகு பூமி கண்ட மிகப் பெரிய காந்தப் புயல், அதாவது சூரியனிலிருந்து பாய்ந்து வந்த மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கியது. அன்று மேற்கு கேப்பில் தெற்கு அடிவானத்தில் இளஞ்சிவப்பாக ஒரு மங்கல் கேமராவில் விழுந்தது. ஹெர்மானஸில் நம் நாட்டின் விண்வெளி வானிலை மையம் இருக்கிறது, 1941 முதல் பூமியின் காந்தப்புலத்தை அளந்துவரும் இடம் அது. அப்படிப்பட்ட இடத்திலிருந்தே இது அபூர்வம். காரணம், துருவ ஒளி சுற்றுவது காந்தத் துருவத்தை, நிலப்படத்தில் இருக்கும் துருவத்தை அல்ல. தெற்குக் காந்தத் துருவம் ஆஸ்திரேலியா இருக்கும் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அதனால் டாஸ்மேனியாவுக்கும் நியூசிலாந்தின் தென்கோடிக்கும் கிடைக்கும் தென்துருவ ஒளி நமக்குக் கிடைப்பதில்லை. அண்டார்டிகாவில் இருக்கும் நம் சானே 4 நிலையத்தில் குளிர்காலம் முழுக்கத் தங்குகிறவர்கள் அதை நன்றாகப் பார்க்கிறார்கள். ஆனால் அது ஆராய்ச்சி நிலையம், நீங்களும் நானும் டிக்கெட் வாங்கிப் போகிற இடம் அல்ல. ஆக, வடக்கேதான் போக வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். டிரோம்சோ, ஸ்வீடனின் அபிஸ்கோ, பின்லாந்தின் இனாரி எல்லாம் துருவ ஒளி வளையத்துக்கு நேர் கீழே, சுமார் 68 முதல் 70 டிகிரி வடக்கில் இருக்கும் ஊர்கள். அங்கே ஏதோ ஓர் அளவில் ஒளி அநேகமாக எல்லா இரவும் வருகிறது. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்ட, கே.பி. எண் என்று 0 முதல் 9 வரை ஓர் அளவு சொல்வார்கள். 5, 6 வந்தால்தான் தெரியும் என்று பலர் நினைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக் கவலைப்படுகிறார்கள். வளையத்துக்குக் கீழே நின்றால் 1, 2 போதும். அங்கே பஞ்சம் ஒளிக்கு அல்ல, திறந்த வானத்துக்கு. அதனால் பயணத் திட்டத்தை மேகத்தை மனதில் வைத்துத்தான் போட வேண்டும். எந்த மாதம், எந்த ஊர், எத்தனை இரவு என்ற மூன்றையும் அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

இரவுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் இரவு வானம் திறக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவு தங்கினால், எல்லா இரவும் மேகமாகவே போய்விடும் வாய்ப்பு நூற்றுக்கு 30. ஆறு இரவு தங்கினால் அது 9 ஆகிவிடுகிறது. உண்மையில் மேகம் ஒரு முறை வந்தால் இரண்டு மூன்று நாள் நின்றுவிடும் என்பதால், மூன்று இரவுத் திட்டம் இந்தக் கணக்கு காட்டுவதைவிட மோசம். ஐந்து இரவுக்குக் குறைந்து போகாதீர்கள். பணம் போதவில்லை என்றால் ஓஸ்லோவிலும் ஹெல்சிங்கியிலும் ஊர் சுற்றும் நாட்களை வெட்டுங்கள், வடக்கே இருக்கும் இரவுகளை வெட்டாதீர்கள்.

மாதம்? டிசம்பரில் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. டிரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அப்படித்தான். இருட்டு நிறைய, அதனால் வாய்ப்பும் நிறைய என்று நமக்குத் தோன்றும். ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் விமானமும் தங்குமிடமும் விலை ஏறிக் கிடக்கும், சாலையெல்லாம் பனிக்கட்டி, உள்நாட்டில் குளிர் மைனஸ் 30 வரைகூட இறங்கும். டர்பன் வெயிலிலிருந்து நேராக அங்கே போய் இறங்கும் 67 வயது அம்மாவுக்கு அது தண்டனை.

என் யோசனை, நம் மூன்றாம் பருவ விடுமுறை. செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் வருமே, அதேதான். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, அதாவது செப்டம்பரிலும் மார்ச்சிலும், காந்தப் புயல்கள் கூடுதலாக வருவது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலமும் பூமியின் காந்தப்புலமும் அப்போது இணைந்துகொள்ள வசதியான கோணத்தில் அமைகின்றன. ரஸ்ஸல், மெக்பெரான் என்ற இரு விஞ்ஞானிகள் 1973-இல் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். அதோடு செப்டம்பரில் ஏரிகள் உறைந்திருக்காது, மேலே ஆடும் ஒளி தண்ணீரிலும் ஆடும். இரவுக் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், நம் டிராகன்ஸ்பெர்க் மலையின் ஜூலை இரவு மாதிரிதான். ஒன்பது, ஒன்பதரை மணிக்கெல்லாம் போதுமான இருட்டு வந்துவிடும். கடிகாரத்தையும் பெரிதாக மாற்ற வேண்டாம். அந்த மாதத்தில் நார்வே நேரமும் நம் நேரமும் ஒன்று, பின்லாந்து ஒரு மணி நேரம் முன்னால்.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டிரோம்சோ கடற்கரை ஊர், இலையுதிர் காலம் அங்கே மழைக்காலம். அதனால் செப்டம்பரில் போகிறவர்களுக்கு நான் டிரோம்சோவைச் சொல்ல மாட்டேன். பின்லாந்தின் உள்நாட்டில் இருக்கும் இனாரி, சாரிசெல்கா பக்கம் போங்கள். ஹெல்சிங்கியிலிருந்து இவாலோவுக்கு ஒன்றரை மணி நேர விமானம். அங்கிருந்து கார். டிரோம்சோதான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், மலைக்கு அந்தப் பக்கம் மழை மறைவில் இருக்கும் ஷிபோட்ன் பக்கம் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போகத் தயாராக இருங்கள். ஊரில் கொட்டும்போது அங்கே நட்சத்திரம் தெரிந்த இரவை நானே பார்த்திருக்கிறேன். அபிஸ்கோவும் அதே மாதிரி மலைமறைவு ஊர், ஆனால் செப்டம்பர் கடைசியில் விடுதிகள் பருவம் மாறும் சமயம், அறை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் பற்றி: செப்டம்பரில் உங்களால் ஓட்ட முடியும். வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதும், கலைமான்கள் சாலை நடுவில் வந்து நிற்கும் என்பதும்தான் கவனிக்க வேண்டியவை. ஏ.ஏ. (வாகன ஓட்டுநர் சங்கம்) அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வையுங்கள். பனிக்காலத்தில் போவதாக இருந்தால், நம் ஊர் ஓட்டுநர்கள் அந்தச் சாலையில் வண்டியைத் தொடவே வேண்டாம். சிறு வேனில் கூட்டிப்போகும் வழிகாட்டிகளோடு போங்கள். ஆளுக்கு ஆயிரம் குரோனரைத் தாண்டும் என்றாலும் பரவாயில்லை.

சூரியனின் சீற்றம் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறையும் சூரியச் சுழற்சியின் உச்சம் 2024-இல் வந்துவிட்டதே, தாமதமாகிவிட்டதா என்று கவலைப்பட வேண்டாம். உச்சத்துக்குப் பிறகு வரும் ஆண்டுகளில் சூரியனின் வளிமண்டலத்தில் பெரிய திறப்புகள் உண்டாகி, அவற்றிலிருந்து வேகமான காற்று பூமியைத் திரும்பத் திரும்ப அடிக்கும். பூமியிலிருந்து பார்க்க சூரியன் தன்னைத்தானே ஒரு முறை சுற்றச் சுமார் 27 நாள் ஆவதால், அந்த அடியும் 27 நாளுக்கு ஒரு முறை வரும். நீங்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எந்த இரவுகளில் ஒளி பலமாக இருந்தது என்று காலண்டரில் குறித்து, 27 நாள் கூட்டிப் பாருங்கள். சோதிடம் அல்ல, நான் நம்பிப் பயன்படுத்தும் கணக்கு. அங்கே போனபின், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் எச்சரிக்கை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் கிடைக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே பார்க்க வேண்டியது மேகப்படம். நார்வே வானிலை நிறுவனமும் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் இலவச வானிலைச் செயலி (Yr) பின்லாந்துக்கும் நன்றாக வேலை செய்கிறது. மாலை ஆறு மணிக்கு அதைத் திறந்து, எந்தத் திசையில் ஓட்டை இருக்கிறதோ அந்தத் திசையில் வண்டியை விடுங்கள்.

கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏமாற்றம் எல்லாம் இங்கேதான் வருகிறது. படங்களில் பார்க்கிற பச்சை கண்ணுக்கு உடனே தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறம் பிரிக்காது, அதனால் தொடக்கத்தில் வானத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வெளிறிய பட்டை, மேகம் மாதிரித்தான் நிற்கும். சந்தேகமாக இருந்தால் போனில் ஒரு படம் எடுங்கள். பச்சையாக விழுந்தால் அது மேகம் அல்ல. அந்தப் பட்டை பல நேரம் மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். பிறகு அதன் கீழ்விளிம்பு சட்டென்று பளிச்சிடும், மடிப்பு மடிப்பாகச் சுருளும், சில நிமிடங்களில் வானம் முழுக்கப் பரவிவிடும். அப்போது பச்சை வெறும் கண்ணுக்கே தெரியும், விளிம்பில் ரோஜா நிறமும் ஓடும். இந்த வரிசையை அகாசோஃபு என்ற விஞ்ஞானி 1964-இல் விளக்கினார். ஓர் ஆட்டம் அடங்கியதும் பலர் அறைக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்தது வரக்கூடும். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும், அதற்குள் யாராவது போன் திரையைப் பிரகாசமாகத் திறந்தால் பழகியது எல்லாம் போச்சு. பிள்ளைகளிடம் சிவப்பு வெளிச்சம் தரும் நெற்றி விளக்கு கொடுங்கள்.

நிறங்களின் காரணத்தைப் பிள்ளைகள் கேட்பார்கள். பச்சையும் சிவப்பும் இரண்டுமே ஆக்சிஜன்தான். 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் மேலிருந்து வரும் மின்துகள் மோதித் தூண்டிய அணு ஒரு விநாடிக்குள் பச்சை ஒளியை வெளியிட்டுவிடும். சிவப்பு ஒளியை வெளியிட அதற்கு 2 நிமிடம் போல் வேண்டும், அதற்குள் வேறு அணு மோதினால் ஒளி வராமலே போய்விடும். அதனால் காற்று மிக மெலிந்த 200 கிலோமீட்டருக்கு மேல்தான் சிவப்பு. கீழ்விளிம்பின் ரோஜா நிறமும் ஊதாவும் நைட்ரஜன்.

இனி படம். உங்கள் கேனானும் அந்த லென்ஸும் போதும், புதிது வாங்க வேண்டாம். பணம் செலவு செய்வதாக இருந்தால் உறுதியான டிரைபாட்டில் செய்யுங்கள். லென்ஸை 18-இல் வைத்து, துளையை 3.5-க்குத் திறந்து, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 3200, ஷட்டர் 8 விநாடி. இதில் தொடங்குங்கள். ஒளி வேகமாக ஆடத் தொடங்கினால் ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு ஏற்றி ஷட்டரை 2, 3 விநாடிக்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் அத்தனை மடிப்பும் கரைந்து பச்சைப் பூச்சாகிவிடும். ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் படமாக) எடுங்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 3500, 4000 கெல்வின் பக்கம் நிறுத்துங்கள். டிரைபாட்டில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். இருட்டில் திரை பளபளவென்று காட்டி ஏமாற்றும், அதனால் படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஃபோகஸ்தான் பெரும்பாலோர் தவறும் இடம். தானியங்கி ஃபோகஸ் இருட்டில் வேலை செய்யாது. கையால் வைக்கும் முறைக்கு மாற்றி, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். செப்டம்பரில் அங்கே அபிஜித் (வேகா) நட்சத்திரம் உயரத்தில் இருக்கும், அதற்கு வசதி. புள்ளி சரியானதும் வளையத்தை ஒரு துண்டு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கையுறை விரல் பட்டாலே வளையம் நகர்ந்துவிடும்.

இன்னொன்று, யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. லென்ஸைக் காக்க முன்னால் ஒரு கண்ணாடி ஃபில்டர் மாட்டியிருப்போமே, அதைக் கட்டாயம் கழற்றுங்கள். இரண்டாவது பயணத்தில் கழற்ற மறந்தேன். கேமராவின் சின்னத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், ஒவ்வொரு படத்தின் நடுவிலும் குளத்தில் கல் போட்ட மாதிரி வட்டத்துக்குள் வட்டமாகப் பச்சையும் கருமையும். 557.7 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் வரும் ஒளி, ஃபில்டரின் இரண்டு தட்டையான பரப்புகளுக்கு இடையே மோதித் திரும்பி இந்த வளையங்களை உண்டாக்குகிறது. அதைத் துடைத்தெடுக்க எந்த மென்பொருளாலும் சரியாக முடியவில்லை. ஓர் இரவின் 140 படங்கள் போயின.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், மாற்று பேட்டரி இரண்டை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். லென்ஸுக்கு அருகில் மூச்சு விடாதீர்கள். அறைக்குள் திரும்புமுன் வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டிவிடுங்கள், உள்ளே வந்து இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் நீர் கோத்துவிடும். அம்மாவை ஒளிக்கு முன்னால் நிற்க வைத்து எடுக்க ஆசைப்படுவீர்கள். நாலு விநாடி மூச்சைப் பிடித்து அசையாமல் நிற்கச் சொல்லி, டார்ச்சை ஒரு கணம் மட்டும் அவர் மேல் காட்டுங்கள், போதும்.

இதையெல்லாம் முதன்முறையாக அங்கே போய்ச் செய்யாதீர்கள். ஜூலையில் ஒரு வார இறுதி எல்லோரும் டிராகன்ஸ்பெர்க்குக்குப் போங்கள், ஜயன்ட்ஸ் காசில் பக்கமோ ராயல் நேட்டால் பக்கமோ. தென்சிலுவைக்குப் பக்கத்தில் சுட்டிக்காட்டுகிற மாதிரி நிற்கும் இரண்டு நட்சத்திரங்களில் பெரியதை வைத்து ஃபோகஸ் பழகுங்கள், பால்வீதியை எடுத்துப் பாருங்கள். அம்மாவை அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்தால், அவருக்கு எங்கே குளிர்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

உடையில் ஒரே விதி: உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம், கம்பளி நூல் உள்ளாடை. அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் காற்றுப் புகாத கோட். காலுறையை இறுக்கமாக இரண்டு போடுவதைவிடத் தடியாக ஒன்று போட்டு, ஓர் அளவு பெரிய பூட்ஸ் போடுவது மேல். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து இன்சுலின் போடுகிறவர் என்றால் அதையும் உடம்போடு ஒட்டியே வைத்திருங்கள். உறைந்த இன்சுலின் உதவாது, சர்க்கரை அளக்கும் கருவியும் குளிரில் தப்பாகக் காட்டும். முக்கியமாக, விடுதி அறை எடுக்காமல் ஏரிக்கரையில் அடுப்படியோடு கூடிய மரவீடு எடுங்கள். நீங்கள் வெளியே காவல் நிற்கலாம், அம்மா உள்ளே கதகதப்பாக இருக்கலாம், வானம் பளிச்சிட்டதும் கூப்பிட்டால் பத்தடி நடந்து வந்துவிடுவார்.

அடுப்படி இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். அது புரட்டாசி மாதம், உங்கள் வீட்டிலும் மீன், இறைச்சி தொட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஊர்க் கடைகளில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஓட்ஸ், ரொட்டி தாராளம், நம் சுவைக்குத்தான் ஒன்றும் இல்லை. மசாலாத் தூள், பருப்பு, ரவை, ஷுகர் பீன்ஸ் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். நெய்யும் பில்டாங் என்கிற உலர் இறைச்சியும் வேண்டாம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பாலில் செய்ததையும் இறைச்சியையும் கொண்டுபோக அனுமதி இல்லை.

மூன்றாவது முறை நான் என் அம்மாவைக் கூட்டிப் போனேன், இனாரிக்குத்தான். நான்காம் இரவு பத்து மணிக்கு மேகம் விலகியது. ஒளி இன்னும் வரவில்லை. வடமேற்கே பாதி வானத்தில் சப்தரிஷி மண்டலம் தெளிவாக நின்றது, துருவ நட்சத்திரம் அதற்கும் மேலே. வால் நடுவில் இருக்கும் வசிஷ்டரைக் காட்டி, பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும் சின்னதைப் பாருங்கள், அதுதான் அருந்ததி என்றேன். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். டர்பனில் அவர் கல்யாணத்தன்று ஐயர் மண்டபத்து வாசலில் வானத்தைக் காட்டினாராம், ஒன்றும் தெரியாமலே பார்த்துவிட்டேன் என்று தலையாட்டினாராம். நம் ஊரில் அருந்ததி உச்சத்தில் இருக்கும்போதுகூட வடக்கு அடிவானத்திலிருந்து ஐந்து டிகிரிதான் எழும், ஓட்டுக் கூரைக்கு மேலே வராது. துருவ நட்சத்திரம் எழவே எழாது. "அப்பா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்" என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வடக்கே கீழ்விளிம்பு பளிச்சிட்டது. நான் கேமராவைத் தொடவில்லை. முதல் பத்து நிமிடம் நீங்களும் தொடாதீர்கள்.

விசா மட்டும் பாக்கி. தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே வாங்கிக்கொள்வார்கள், ஆகவே செப்டம்பர் கடைசிக்கு மார்ச் கடைசியிலேயே தொடங்கலாம். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். அம்மாவுடையதைப் பீரோவிலிருந்து எடுத்துத் தேதியை இன்றைக்கே பாருங்கள்.